மூட்டை எங்கே நின்றது

கண்டிக்கு நான் போனது மிளகுக்காக. கோயிலுக்கு இல்லை, ஏரிக்கு இல்லை, யானை பார்க்கவும் இல்லை. யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. ஈரோட்டிலிருந்து என் அண்ணன், "உனக்குப் போக வேற நாடே இல்லையா?" என்று போனில் கத்தினான். சென்னையில் நான் வேலை பார்த்த சின்ன கம்பெனிக்கு வேறு நாட்டில் வாடிக்கையாளர் கிடைக்கவில்லை. அதை அவனிடம் சொல்லவில்லை.

கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டிய. அங்கே ஒரு மிளகு ஏற்றுமதியாளர். ரத்நாயக்க என்று இங்கே பெயர் வைத்துக்கொள்கிறேன். அவர் அனுப்பிய மிளகில் பூஞ்சணம் இருக்கிறது என்று ஜெர்மனிக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூடவே ஒரு கேள்வியும் வந்தது. ஒவ்வொரு மூட்டையும் எந்தத் தோட்டத்தில் தொடங்கி, யார் கை வழியாக, என்ன பாடுபட்டு உங்களிடம் வந்தது? வெள்ளிக்கிழமைக்குள் பதில் இல்லையென்றால் இனி வாங்க மாட்டோம். அந்தப் பதிலைச் சொல்லும் ஏற்பாட்டைக் கட்டித் தரத்தான் என்னை அனுப்பினார்கள்.

வியாபாரம் செய்கிறவர்கள் கேட்கும் கேள்வியை எடுத்து, அதற்குப் பதில் சொல்லக்கூடிய தகவல் அமைப்பாக மாற்றுவது என் தொழில். ஆள், பொருள், இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. 'விற்றார்', 'ஏற்றியது', 'கலந்தது' என்பவை புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே ஓடும் கோடு. கேள்வி என்பது ஒரு புள்ளியில் கிளம்பி, கோடுகள் வழியே நடந்து, இன்னொரு புள்ளியில் போய் நிற்பது. நடுவில் கோடு அறுந்திருந்தால் பதில் வராது. அவ்வளவுதான் விஷயம். இப்போது இதற்கு நாலெட்ஜ் கிராஃப் என்று பெயர் சூட்டி, டை கட்டியவர்கள் மேடையில் பேசுகிறார்கள். பெயர் வந்த பிறகு கூலி உயர்ந்தது. வேலை அப்படியேதான் இருக்கிறது.

அம்பிட்டியவில் மேட்டில் ஒரு விடுதி. விடுதிக்கார அம்மாள் என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போய்ப் போலீஸில் பதிந்துவிட்டு வந்தார். பெயர் தமிழாக இருந்தால் அப்படித்தானாம். "வெள்ளைக்காரர் வந்தாலும் இப்படி ஓடுவீர்களா?" என்று கேட்டேன். அவர் தட்டை என் முன்னால் வைத்தார். பாண், பருப்பு, தேங்காய்ச் சம்பல். நாம் பிரெட் என்பதை இவர்கள் பாண் என்கிறார்கள். சம்பலின் காரம் மூக்கில் ஏறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கேட்டேன். அந்த அம்மாள் முதன்முறையாகச் சிரித்தார்.

தேத்தண்ணி மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. நாலு பக்கமும் தேயிலை மலை. பால்மாவைக் கரைத்து, சீனியைக் கொட்டி, நுரை பொங்க ஆற்றித் தருகிறார்கள். எங்கள் தெரு டீக்கடைக்காரர் பார்த்தால் அழுதுவிடுவார்.

ரத்நாயக்க என்னோடு ஆங்கிலத்தில் பேசினார். சுற்றி வளைக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது.

"மிஸ், என் கேள்வி ரொம்ப எளிது. எந்தச் சப்ளையர் மோசம்?"

"அது கேள்வி இல்லை சார், தீர்ப்பு. தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு என்னை எதற்கு விமானம் ஏற்றினீர்கள்?"

அவர் கோபப்படவில்லை. கதிரையில் சாய்ந்துகொண்டு, "கம்பளை" என்றார். "அங்கே நவாஸ் என்று ஒரு வியாபாரி. அவருடைய மூட்டை அங்கே தராசில் ஒரு எடை, இங்கே தராசில் கூடின எடை. தண்ணீர் தெளிக்கிறார். அதை உங்கள் கம்ப்யூட்டர் சொன்னால் போதும். வெள்ளிக்கிழமை, 'கம்பளையை நிறுத்திவிட்டோம்' என்று ஜெர்மனிக்கு எழுதிவிடுவேன்."

கம்பளையை நிறுத்துவது என்றால் நவாஸ் என்ற ஒரு மனிதரை நிறுத்துவது மட்டும் இல்லை. அவர் வாங்குவது பெரிய தோட்டங்களில் அல்ல. வீட்டுக்குப் பின்னால் மரத்தில் படர்ந்த கொடியிலிருந்து பறித்துக் காயவைத்து விற்கிறவர்களிடம். ஆற்றோரம் நெடுக அப்படி வீடுகள். அவருக்கு இந்த வாசல் மூடினால் அவர்களுக்கும் மூடும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது தர்சினி. அங்கே கணக்குப் பார்ப்பவள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஆனால் அப்பாவின் அரசாங்க வேலையால் கண்டியிலேயே வளர்ந்தவள். பேச்சு மட்டும் யாழ்ப்பாணமாகவே இருந்தது. மதியம் என்னைப் பஸ்ஸில் டவுனுக்குக் கூட்டிப்போனாள். கடையில் நான் உட்கார்ந்ததும் ஒருவர் வந்து ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், பற்றிஸ், வடை என்று அடுக்கி வைத்துவிட்டுப் போனார். எனக்குச் சுருக்கென்றது.

"நான் ஒன்றுமே கேட்கவில்லையே, எடுத்துக்கொண்டு போங்கள்" என்று சத்தம் போட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். தர்சினி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

"அக்கா, இது இங்கத்தை வழக்கம். திண்டதுக்கு மட்டும்தான் காசு. மிச்சத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிடுவினம்."

"அப்போ வந்ததெல்லாம் சாப்பிட்டது இல்லை."

"ஓம். இதில என்ன இருக்கு?"

"உங்கள் கம்ப்யூட்டரில் அது இல்லை. வந்த மூட்டையெல்லாம் ஒரே குவியலில் போனதாகத்தான் எழுதி வைத்திருக்கிறாய்."

அவளுக்கு முகம் சிவந்தது. பிறகு ரோல்ஸைக் கடித்துக்கொண்டே, "பின்னேரம் திருத்துவம்" என்றாள். இந்த மாதிரி ஆளோடு வேலை செய்யலாம்.

மறுநாள் காலை சாக்கட்டி வாங்கிக்கொண்டு போய் ஸ்டோர் என்று அவர்கள் சொல்லும் கிடங்கின் சிமெண்டுத் தரையில் பெரிய பெரிய வட்டங்கள் போட்டேன். தோட்டம். வியாபாரி. மூட்டை. லொறி. ஸ்டோர். குவியல். கப்பலேறும் பெட்டி. வட்டத்துக்கு வட்டம் கோடு இழுத்து, கோட்டின் மேல் என்ன நடந்தது என்று எழுதினேன். தொழிலாளிகள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். தர்சினியைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, பெட்டி வட்டத்தில் நிற்க வைத்தேன்.

"ஜெர்மனிக்காரன் அங்கேதான் நிற்கிறான். தோட்டத்துக்கு நட."

அவள் நடந்தாள். பெட்டியிலிருந்து குவியலுக்கு. அங்கே நின்றுவிட்டாள்.

"இந்தக் குவியலுக்குள்ள எந்த மூட்டை எண்டு எனக்குத் தெரியாதே."

"தெரியாதென்றால் ஜெர்மனிக்காரனுக்கும் தெரியாது. அவன் பணத்தை வைத்துக்கொண்டு அங்கேயே நிற்கிறான்."

தொழிலாளிகள் சிரித்தார்கள். ஆனால் குவியலில் எதை எதைக் கொட்டினோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எடைச் சீட்டுகளும் இருந்தன. அவர்கள் சொல்லச் சொல்லத் தர்சினி தட்டினாள். மாலைக்குள் மூட்டைக்கும் குவியலுக்கும் கோடு விழுந்துவிட்டது. நான் கேள்வியை ஓட்டினேன். பூஞ்சணம் பிடித்த குவியல்களிலிருந்து பின்னால் நடந்தால் எங்கே போய் நிற்கிறது?

கம்பளை. கம்பளை. கம்பளை. ஒன்று மட்டும் மாத்தளை, கண்டிக்கு வடக்கே இருக்கும் ஊர். அந்தக் குவியலில் கம்பளை மூட்டை ஒன்றுகூட இல்லை.

ரத்நாயக்க என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "நான் சொல்லவில்லையா?" என்றார்.

"மாத்தளை ஏன் வந்தது?"

"யாராவது பிழையாக எழுதியிருப்பார்கள்."

"நான்தான் எழுதினேன்" என்று தர்சினி ஆங்கிலத்தில் சொன்னாள். "பிழையாக எழுதவில்லை."

"ஒன்றுதானே மிஸ்" என்றார் அவர். எனக்கு எரிச்சலாக வந்தது. கணக்கில் ஒத்துவராத ஒன்றை 'ஒன்றுதானே' என்று தள்ளுகிறவர்களை நான் எங்கள் ஊர் மஞ்சள் மண்டியிலேயே நிறையப் பார்த்திருக்கிறேன். அதுவும் போக, கம்பளை மூட்டை கெட்டது என்றுதான் தரவு சொல்கிறது. கம்பளையில் கெட்டது என்று சொல்லவில்லை. இரண்டும் ஒன்றில்லை. ஈரம் பார்க்கும் கருவியைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

கம்பளைக்கு ரயிலில் போனேன். நிற்க இடம் கிடைத்ததே பெரிது. ஒருவர் கூடையோடு ஆட்களுக்கு நடுவே நீந்தி வந்து வடை விற்றார். வடையின் மேல் முழு இறால் ஒன்று காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தது. பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் சுற்றித் தந்தார். தாளில் யாரோ ஒரு பிள்ளையின் வகுத்தல் கணக்கு, சிவப்பு மையில் தப்புப் போட்டிருந்தது. வடை முதல் தரம். நம் ஊர் ரயிலில் விற்கும் மெதுவடையை நினைத்து வெட்கப்பட்டேன்.

நவாஸின் கடை ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம். வெள்ளைத் தொப்பி, சட்டைப் பையில் பேனா, குரல் மட்டும் தெருவுக்கே கேட்கும். ஊரில் எல்லோரும் அவரை நவாஸ் நானா என்கிறார்கள். நானா என்றால் அண்ணன். அவர் பேச்சில் சொல்வது 'செல்வது' ஆகும், வீடு 'ஊடு' ஆகும்.

"வாங்க மகள், இரிங்க. இந்தியாவில இரிந்து வந்தீங்களாம். என்ட மிளகைப் பார்க்கவா, என்னைப் பார்க்கவா?"

"மிளகை."

"அதுவும் நல்லம். மிளகு என்னை விட அழகு."

கடைக்குப் பின்னால் தளத்தில் பாய் விரித்து மிளகு காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு மணியை எடுத்து வாயில் போட்டுக் கடித்துக் காட்டினார். டக்கென்று சத்தம் வந்தது. என் கருவியைக் கட்டிவைத்த மூட்டைகளில் குத்திக் குத்திப் பார்த்தேன். எல்லாம் நன்றாகக் காய்ந்திருந்தன. ஒரு மூட்டையில்கூடக் குறை சொல்ல முடியவில்லை.

"நான் தண்ணி தெளிக்கிற எண்டு செல்றாராம் மாத்தயா" என்றார். மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா; அவர் சொன்னது ரத்நாயக்கவை. குரல் இறங்கிவிட்டது. "இத்தனை வருசமா என்ட வாப்பா காலத்தில இரிந்து அவங்களுக்குத்தான் குடுக்கிற. கள்ளன் எண்டு பேர் வந்தா இந்த ஊரில எனக்கு ஆர் மகள் மிளகு தருவாங்க? நான் இப்பவே ஊட்டுக்கு ஊடு செல்லிட்டேன். அடுத்த கிழமை வேற ஆளுக்குக் குடுங்க, என்னை நம்பி இரிக்க வேணாம் எண்டு."

மதியம் அவர் வீட்டில் சோறு. பலாக்காய்க் கறியும் மாசிக் கருவாட்டுச் சம்பலும். வீட்டுக்கார அம்மா என் தட்டைக் காலியாக விடவே இல்லை. சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். மூட்டை இங்கே காய்ந்திருக்கிறது, அம்பிட்டியவில் நனைந்திருக்கிறது. தரையில் நான் போட்ட படத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கோடு. 'ஏற்றியது'. அந்தக் கோட்டில் ஏறிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ரத்நாயக்கவின் லொறி பிற்பகலில் வந்தது. டிரைவர் செல்வராஜ், கண்டிக்கு மேலே ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருப்பவர். நான் கூட வருகிறேன் என்றதும் அவர் முகம் மாறியது.

"ரயில்ல போனா சொகமா போகலாமே மிஸ்."

"வந்ததே ரயிலில்தான். சுகம் தெரியும்."

"சரி, ஏறிக்கங்க. சீட்டுல கம்பி நீட்டிக்கிட்டு இருக்கும், பாத்து ஒக்காருங்க."

கெலிஓயா தாண்டியதும் மழை பிடித்தது. நம் ஊர் மழை மாதிரி மிரட்டிவிட்டு வராது. சொல்லாமல் வந்து கொட்டும். மூட்டைகளின் மேல் தார்ப்பாய் இறுக்கக் கட்டியிருந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் சோதனைச் சாவடி. காவலர் செல்வராஜின் அடையாள அட்டையைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், கையைக் கீழே காட்டினார்.

எல்லா மூட்டையையும் இறக்க வேண்டும். கூரை என்று ஒன்று அங்கே இல்லை. காவலர்கள் நின்ற தகரத்துக்குக் கீழே அவர்களுக்கே இடம் போதவில்லை. செல்வராஜ் ஒவ்வொன்றாகச் சேற்றில் இறக்கினார். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். இறக்கிய மூட்டைகளில் நீளமான இரும்புக் கம்பியை இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் பார்த்தார்கள். கம்பி போன ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே இறங்கியது. பின்னால் வந்த காய்கறி லொறியைக் கையசைத்து அனுப்பினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. மிளகு நனைகிறது என்று ஆங்கிலத்தில் கத்தினேன். காவலர் சிங்களத்தில் அமைதியாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்கிறார்?"

"மழை பெய்யுறது என் தப்பான்னு கேக்குறாரு மிஸ்."

திரும்ப ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். இருவரும் முழுக்க நனைந்திருந்தோம். துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே கேட்டேன்.

"தினமும் இப்படியா?"

"தெனமும் இல்ல. வாரத்துல ஒரு தரம், ரெண்டு தரம். என் பேரப் பாத்தா அவங்களுக்கு ஒரு சந்தேகம்."

"முதலாளியிடம் சொன்னீர்களா?"

"சொன்னா என்ன செய்வாரு? வேற பேர் உள்ள டிரைவரப் போடுவாரு. கெட்ட மனுசன் இல்ல. அவருக்கு மிளகு முக்கியம். எனக்கு இந்த ஸ்டேரிங் முக்கியம்." வைப்பர் வேலை செய்யவில்லை. கையை வெளியே விட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். "நானாவுக்குப் பழி வருதுன்னு தெரியும் மிஸ். ராத்திரியில சோறு எறங்கல. என்ன செய்யச் சொல்றீங்க?"

 உண்மையைச் சொன்னால் நவாஸ் நானா தப்பிப்பார், செல்வராஜ் போவார். சொல்லாவிட்டால் நானா போவார்.

மறுநாள் தர்சினியும் நானும் ஹந்தானைக்கு ஏறினோம். மூச்சு வாங்கியது. பாதி வழியில் பனி இறங்கி, கீழே கண்டி ஊரே காணாமல் போனது. செல்வராஜின் மனைவி லயத்து அறையில் சூடான ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்தார். இங்கே வெறும் தேத்தண்ணிதான், பால்மா இல்லை. வந்த நாளிலிருந்து நான் குடித்த நல்ல தேத்தண்ணி அதுதான்.

ஒரு தாளை விரித்து வரைந்தேன். "கம்பளையிலிருந்து அம்பிட்டியவுக்கு ஒரு கோடு போட்டிருந்தேன். அதை வெட்டுகிறேன். நடுவில் 'பயணம்' என்று ஒரு புள்ளி. பயணத்தில் தொங்கும் இன்னொரு புள்ளி, 'நிறுத்தம்'. லொறி எங்கே நின்றது, மூட்டையை இறக்கினார்களா, கூரை இருந்ததா, மழை பெய்ததா. அவ்வளவுதான் எழுதுவேன்."

"என் பேரு வருமா?"

"நிறுத்தத்துக்கும் டிரைவருக்கும் கோடு போட மாட்டேன். கேள்விக்கு அது தேவையில்லை."

"ஆனா பெரியவருக்குத் தெரிஞ்சிரும்ல?"

"கண்டுபிடிப்பார்" என்றேன். பொய் சொல்லத் தெரியாது எனக்கு. "கண்டுபிடித்தபின் அவரோடு சண்டை போடுவேன். ஜெயிப்பேனா என்று தெரியாது."

செல்வராஜ் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி, "எத்தனை நாளைக்குத்தான் இப்படியே முழிச்சிக்கிட்டுக் கெடப்பீங்க, சொல்லிருங்க" என்றார். செல்வராஜ் ஒவ்வொரு நிறுத்தமாகச் சொன்னார். ஸ்டோர் வாசலில் லொறி பிந்தி வந்த நாட்கள் தர்சினியிடம் இருந்தன. ஒத்துப் பார்த்தோம். பூஞ்சணம் பிடித்த கம்பளை மூட்டை ஒவ்வொன்றும் மழையில் இறக்கிய மூட்டை.

வெள்ளிக்கிழமை காலை ரத்நாயக்கவைத் தரைப் படத்தின் மேல் நடக்கவைத்தேன். புதிதாக வரைந்த 'நிறுத்தம்' வட்டத்தில் வந்து நின்றார். குனிந்து, அதில் எழுதியிருந்த தேதிகளைப் படித்தார்.

"நவாஸ் தண்ணீர் தெளிக்கவில்லை" என்றார்.

"இல்லை."

"இதெல்லாம் செல்வராஜின் லொறி."

நான் சாக்கட்டியைக் கீழே வைத்தேன்.

"அப்போது டிரைவர் புள்ளியில் இனம் என்று ஒரு கட்டம் சேருங்கள் மிஸ். யார் ஓட்டினால் நிற்கிறது, யார் ஓட்டினால் நிற்பதில்லை என்று தெரிந்துவிடும். அதன்படி ஆளை மாற்றிவிடலாம். எனக்கு யார் மீதும் வெறுப்பு இல்லை. உண்மையைத்தானே எழுதச் சொல்கிறேன்?"

எனக்கு முன்னால் தர்சினி பேசினாள். அவரிடம் எப்போதும் ஆங்கிலத்தில் பேசுகிறவள், அன்று என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"அக்கா, இதை அவருக்குச் சொல்லுங்கோ. நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்க, கலவரத்தில எங்கட வீட்டுக்கு வந்தவங்கள் கையில பேப்பரோட வந்தவங்கள். எந்த வீட்டில ஆர் இருக்கினம் எண்டு அதில இருந்தது. பக்கத்துச் சிங்கள வீட்டைத் தொடேல்லை. அதை எழுதினவர் ஆரோ ஒரு அரசாங்கக் கந்தோரில கதிரையில இருந்து, உண்மையைத்தான் எழுதினவர். நான் அந்தக் கட்டத்தை நிரப்ப மாட்டன். வேலையை விட்டு நிப்பாட்டினாலும் நிரப்ப மாட்டன்."

ரத்நாயக்கவுக்குத் தமிழ் கொஞ்சம் புரியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் தரையைப் பார்த்தார்.

"அது வேறு காலம், மகள்" என்றார்.

"காலத்தை விடுங்கள்" என்றேன். "உங்கள் கேள்விக்கே வருகிறேன். மிளகு ஏன் நனைந்தது? நீங்கள் சொல்கிற கட்டத்தைப் போட்டால் அந்த மாத்தளைக் குவியலுக்குப் பதில் வராது. அதை ஓட்டி வந்தது யார்?"

"சுனில்."

"அவர் சிங்களவர்தானே? போன் போடுங்கள்."

போட்டார். சிங்களத்தில் பேசினார். பேசப் பேச அவர் புருவம் சுருங்கியது. வைத்துவிட்டு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அன்று வழியில் ஏதோ சந்தேகமாம். போகிற வருகிற லொறி எல்லாவற்றையும் நிறுத்தி இறக்கச் சொல்லியிருக்கிறார்கள். சுனிலும் இறக்கியிருக்கிறான். நல்ல மழை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, 'யாரும் கேட்கவில்லையே மாத்தயா' என்றானாம்.

"ஆளை மாற்றியிருந்தாலும் அந்தக் குவியல் கெட்டிருக்கும்" என்றேன். "நீங்களும் ஜெர்மனிக்கு, 'கம்பளையை நிறுத்தியாயிற்று, இனிக் கெடாது' என்று எழுதியிருப்பீர்கள். அடுத்த பெட்டி திரும்பி வந்திருக்கும். மூட்டை நின்றதை எழுதினால் எந்த லொறி நின்றாலும் பிடிபடும். நின்ற மூட்டை குவியலுக்குப் போகாது, முதலில் காயப்போகும். உங்களிடம் சூடேற்றிக் காயவைக்கும் அறை இருக்கிறது. அதில் பழைய சைக்கிளை வைத்திருக்கிறீர்கள்."

கடைசி வாக்கியத்துக்குத் தொழிலாளிகள் யாரோ சிரித்தார்கள். ரத்நாயக்க சிரிக்கவில்லை. வட்டத்திலிருந்து வெளியே வந்து, தர்சினியின் மேசைக்குப் போய், "ஜெர்மனிக்கு என்ன எழுதலாம், சொல்லு" என்றார்.

மத்தியானம் வரை எழுதினார்கள். சாவடியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வழியில் கூரையில்லாத இடத்தில் மூட்டை இறக்கப்பட்டது, இனி அப்படி இறக்கப்படும் மூட்டை தனியாகக் காயவைக்கப்படும், ஒவ்வொரு மூட்டைக்கும் அந்தத் தடம் எங்களிடம் இருக்கிறது என்று எழுதினார்கள். ஒரு குவியலைப் பெட்டியிலிருந்து தோட்டம் வரை நடந்து காட்டும் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். அவர்கள் பொழுது விடிந்து பதில் வர மாலையாகிவிட்டது. அடுத்த பெட்டியை எடுத்துப் பார்க்கிறோம், இதே தடத்தோடு அனுப்புங்கள். அவ்வளவுதான் இருந்தது. தர்சினி அதைச் சத்தமாக வாசித்தாள், பிறகு மறுபடியும் வாசித்தாள்.

நான் கிளம்பும் நாளன்றும் மழை. பையோடு ஸ்டோர் வாசலில் நின்றேன். கம்பளை லொறி பிந்தித்தான் வந்தது. செல்வராஜ் இறங்கி, யாரும் கேட்கும் முன்னால், "இன்னைக்கி நின்னுச்சு மாத்தயா, பின்னால் இருக்கிறதெல்லாம் நனைஞ்சிருச்சு" என்று வாசலிலிருந்தே சொன்னார். ரத்நாயக்க கையால் அறைப் பக்கம் காட்டினார். நனைந்த மூட்டைகள் அந்தப் பக்கம் போயின. சைக்கிள் வெளியே மழையில் கிடந்தது.

பிறகு அவர் கம்பளைக்குப் போன் போட்டார். கொஞ்சம் சிங்களம், கொஞ்சம் தமிழ். நடுவில் சிரித்துவிட்டு, "உங்களோடு பேச வேண்டுமாம்" என்று என்னிடம் நீட்டினார். காதில் வைப்பதற்கு முன்பே நவாஸ் நானாவின் குரல் ஸ்டோர் முழுக்கக் கேட்டது.

"மகள், மாத்தயா திங்கக்கிழமையும் லொறி அனுப்புறாராம். நான் மிளகுக்கு எங்க போற? எல்லாரையும் வேற ஆளுக்குக் குடுக்கச் செல்லிட்டேனே."

"இப்போது என்ன செய்யப் போகிறீர்கள்?"

"என்ன செய்ய, குடையை எடுத்துட்டேன். ஊட்டுக்கு ஊடு போய்த் திருப்பிச் செல்ல வேணும். வைக்கிறேன் மகள், மழை கூடுது."